சாமான் தெருவுல, சாவி பேங்க்ல: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி வீட்டை பத்தியே இருக்கு, அதனால மாமியார் பஞ்சாயத்து, முடி கொட்டுறது எல்லாம் அடுத்த இதழ்ல பாத்துக்கலாம், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நாங்க வியாசர்பாடில மொத்தமா 5 லட்சம் கொடுத்து, மாச வாடகை இல்லாம லீஸுக்கு இருந்தோம். என் நகை, மாமியாருக்கு ஊர்ல வந்த பங்கு, சீட்டு எடுத்த காசு எல்லாம் அதுலதான் போட்டோம். போன மாசம் திடீர்னு ஒரு வக்கீல் போலீசோட வந்து, ஓனர் இந்த வீட்டு மேல லோன் வாங்கி கட்டலை, இனிமே வீடு பேங்குதுன்னு சொல்லி எங்க சாமானை தெருவுல எடுத்து வச்சுட்டு சீல் வச்சுட்டாங்க. ஓனர் போன் ஸ்விட்ச் ஆஃப். எதிர் வீட்டு பாய் குடும்பம்தான் அவங்க முன் ரூமை ஒழிச்சு கொடுத்தாங்க. நாங்க கிறிஸ்டியன், நாங்க ஜெபம் பண்ற நேரத்துல அவங்க டிவி சத்தத்தை குறைச்சுடறாங்க, அவ்ளோ நல்லவங்க, அதுவே எனக்கு கூச்சமா இருக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார், "ஜெபம் பண்ணி என்ன கிழிச்சோம்"னு சொல்லி சர்ச்சுக்கே வர மாட்டேங்கறார், ஸ்டாண்டுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வேற சொல்றார். அதே வீட்டுல மாடில லீஸுக்கு இருந்த ஆயா இப்ப சொந்தக்காரங்க வீட்டு மாடிப்படிக்கு கீழ படுத்துக்குது, அதுக்கு எங்க ரேஷன் அரிசில 5 கிலோ கொடுத்தேன். அதுக்கு அவர் கத்தின கத்து, பாய் வீட்டு பசங்க பயந்துட்டாங்க. நான் பண்ணது தப்பா? இனிமே என்ன பண்றது?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: தப்பே இல்ல தங்கச்சி. உங்க போதகர்கிட்ட கேட்டா பைபிள்ல வர சாறிபாத் விதவை கதையை சொல்லுவார், இருந்த கடைசி மாவை பகிர்ந்து கொடுத்தா, பானையில மாவு குறையவே இல்லன்னு, நான் அப்படி சொல்ல மாட்டேன், ரேஷன்ல கார்டுக்கு இத்தனை கிலோன்னு கணக்கு இருக்கு, அது குறையத்தான் செய்யும். ஆனா உங்க வீட்டுக்காரர் கத்தினது அரிசிக்காக இல்ல. 5 லட்சம் போச்சு, பொண்டாட்டி புள்ளைங்களை இன்னொருத்தர் வீட்டு முன் ரூம்ல படுக்க வச்சிருக்கோம்னு அவருக்கு உள்ள எரியுது, அதை ஓனர்கிட்ட காட்ட முடியல, கடவுள்கிட்டயும் உங்ககிட்டயும் காட்டுறார். அவரை சர்ச்சுக்கு இழுக்காதீங்க, நீங்க போங்க, அவருக்காகவும் சேர்த்து கேட்டுட்டு வாங்க, அவர்கிட்ட வசனம் மட்டும் இப்ப சொல்லாதீங்க.

இப்ப ஆயா விஷயத்துக்கே வரேன், ஏன்னா உங்க கேஸுல அந்த ஆயாதான் ரொம்ப முக்கியம். அதே ஓனர் அவங்ககிட்டயும் லீஸ் காசு வாங்கியிருக்கார்ல, அப்போ ஏமாந்தது ஒரு குடும்பம் இல்ல, ரெண்டு. தனியா ஒருத்தர் போய் நின்னா "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்கு போ"ன்னு அனுப்பிடுவாங்க, லோன் இருக்கறதை மறைச்சு ஒரே ஆள் ரெண்டு மூணு பேர்கிட்ட காசு வாங்கியிருக்கான்னு சேர்ந்து போய் எழுதி கொடுத்தா அது மோசடி புகாரா நிக்கும். வேற வீடு எதையாவது இதே மாதிரி லீஸுக்கு விட்டிருக்காரான்னு அக்கம்பக்கத்துல விசாரிங்க. லீஸ் அக்ரிமென்ட், ஜிபே ஸ்கிரீன்ஷாட், பாஸ்புக்ல பணம் எடுத்த பக்கம், காசு கொடுக்கும்போது கூட இருந்தவங்க பேரு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக்கங்க. ஸ்டேஷன்ல வாங்கலன்னா வேப்பேரி கமிஷனர் ஆபீஸ்ல கொடுங்க, பெரிய தொகை மோசடி எல்லாம் அங்க மத்திய குற்றப்பிரிவு பாக்குது.

வக்கீலுக்கு காசு இல்லன்னு சொல்லாதீங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசமா வக்கீல் வச்சு கொடுக்கணும்னு 1987 சட்டமே இருக்கு, சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு பேரு, 15100க்கு போன் பண்ணா உங்களுக்கு எந்த ஆபீஸ்னு சொல்லுவாங்க. ரெண்டு விஷயத்தை மறக்காம கேளுங்க. பேங்க் வீட்டை எடுத்ததை எதிர்த்து கடன் மீட்பு தீர்ப்பாயத்துல மனு போடலாம், குடியிருந்தவங்களும் போடலாம், ஆனா 45 நாள்தான் டைம், உங்களுக்கு ஒரு மாசம் ஓடிடுச்சு, அதனால இந்த புஸ்தகம் கைக்கு வந்த அன்னிக்கே கிளம்புங்க. உண்மையை சொல்லிடறேன், ஒரு வருஷத்துக்கு மேல லீஸுன்னா ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், நம்ம ஊர்ல முக்காவாசி லீஸ் வெறும் ஸ்டாம்ப் பேப்பர்தான், அதுல அந்த வீட்டுக்குள்ள திரும்ப போறது கஷ்டம். ரெண்டாவது, ஓனர் மேல பணத்துக்கு கேஸ். பேங்க் வீட்டை ஏலம் விட்டு அதோட கடனை எடுத்துக்கிட்டு மிச்சம் இருந்தா அது ஓனருக்குதான் போகும், அது அவர் கைக்கு போறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க கோர்ட்டை கேக்க முடியுமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. இதெல்லாம் நடக்க வருஷக்கணக்காகும், காசு வந்துடும்னு நம்பி இப்ப கடன் வாங்காதீங்க, முக்கியமா ரன் வட்டி மீட்டர் வட்டிக்காரன் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க.

ஆட்டோ ஸ்டாண்டுல தெரியக்கூடாதுன்னு சொல்றார்ல, அங்கதான் முதல்ல தெரியணும். ஒரு தெருவுல எந்த வீடு காலியாகுது, எந்த ஓனர் கறார், எவர் அட்வான்ஸை ரெண்டா பிரிச்சு வாங்குவார்னு ஆட்டோக்காரங்களுக்கு தெரியாததா? அதுவும் இல்லாம ஓட்டுநர் நலவாரியத்துல அவர் பதிஞ்சிருந்தா புள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை உண்டு, பதியலன்னா ஸ்டாண்டுல யாராவது பதிஞ்சவங்க இருப்பாங்க, அவங்களை வச்சு பண்ணிக்கங்க. வீடு போனதுக்கு வெக்கப்பட வேண்டியது ஓனர், நீங்க இல்ல, இதை நான் எழுதினா அவர் கேக்க மாட்டார், ஸ்டாண்டுல கூட இருக்கறவர் ஒருத்தர் தோள்ல கை போட்டு சொன்னா கேப்பார்.

பாய் வீட்டுல கூச்சமா இருக்குன்னா போறதுக்கு ஒரு தேதி சொல்லிடுங்க, இந்த மாசம் முடிய இல்ல அடுத்த மாசம் முடியன்னு. தேதி தெரியாம இருக்கறதுதான் ரெண்டு பக்கமும் உறுத்தும். கரண்ட் பில்லுல கொஞ்சம் கொடுங்க, வாங்க மாட்டாங்க, பரவால்ல, கேஸ் சிலிண்டர் வரும்போது நீங்க முந்திக்கிட்டு கொடுங்க. புது வீடு பாக்கும்போது 10 மாச அட்வான்ஸ் கேப்பாங்க, அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலன்னா 3 மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு வாடகை சட்டத்துல இருக்கு, நடைமுறைல யாரு கேக்கறா, ஆனா அதை தெரிஞ்சு வச்சுக்கிட்டு பேசுனா கொஞ்சம் இறங்குவாங்க. புள்ளைங்களை மட்டும் வருஷ நடுவுல ஸ்கூல் மாத்தாதீங்க, சாதா பஸ்ல உங்களுக்கு டிக்கெட் இல்ல, புள்ளைங்களுக்கு பாஸ் இருக்கு, அதனால ரெட்ஹில்ஸ் பக்கம் வாடகை கம்மியா கிடைச்சாலும் இந்த வருஷம் முடியற வரைக்கும் அங்கிருந்தே வந்துட்டு போகட்டும். இன்னொண்ணு, இனிமே லீஸே வேணாம், அப்படியே போனாலும் பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டு பாத்துட்டு காசு கொடுங்க, பத்திரத்தை அடமானம் வச்சு பதிவு பண்ணியிருந்தா அதுல வந்துடும்.

ஆயாவை கேட்டதா சொல்லுங்க.

கேள்வி: எங்க கடைக்கு வெளிய ராத்திரியானா ஒரு குடும்பம் பிளாட்பாரத்துல பாய் போட்டு படுக்குது, கைக்குழந்தை வேற. நான் பிராட்வேல பாத்திர கடை வச்சிருக்கேன். யாருக்காவது போன் பண்ணி சொல்லலாம்னா, புள்ளையை பிரிச்சு கொண்டு போயிடுவாங்கன்னு அந்த அம்மா காலை புடிக்குது. என்ன பண்ண?
(வாசகர், பாரிமுனை)

பதில்: நல்லவேளை போன் பண்றதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட கேட்டீங்க, முக்காவாசி பேர் கேக்கறதே இல்ல. உங்க பக்கம் பிளாட்பாரத்துல இருக்கறவங்க பாதி பேர் வெளியூர்ல இருந்து நேத்து வந்தவங்க இல்லண்ணே, தாத்தா காலத்துல இருந்து அதே தெருவுல பொறந்து அதே தெருவுல கல்யாணம் கட்டி இருக்கறவங்க. மூட்டை தூக்கறது, பூ கட்டறது, மீன்பாடி வண்டி, கடை கூட்டறதுன்னு வேலை அங்கதான் இருக்கு. வேற இடத்துக்கு போனா கூரை கிடைக்கும், கூலி கிடைக்காது.

ஒரு லட்சம் ஜனத்துக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் தொறந்து இருக்கணும்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. சென்னைல மாநகராட்சி காப்பகம் வச்சிருக்கு, தொண்டு நிறுவனங்க நடத்துறாங்க, காசு கிடையாது. 1913க்கு போன் பண்ணி கேக்கலாம். ஆனா எல்லா காப்பகத்துலயும் குடும்பமா ஒண்ணா தங்க முடியாது, ஆம்பளைக்கு தனி பொம்பளைக்கு தனின்னு நெறைய இருக்கு, அதனால "குடும்பத்தோட தங்கற மாதிரி எது இருக்கு"ன்னு குறிப்பா கேளுங்க, முடிஞ்சா பகல்ல நீங்களே அந்த அம்மாவை கூட்டிட்டு போய் இடத்தை காட்டுங்க, பிடிச்சா போகட்டும்.

புள்ளையை பிரிக்கறதுக்கு வறுமை மட்டும் காரணமாக முடியாது. ஹோம்ல சேர்க்கறது கடைசி வழியாதான் இருக்கணும்னு 2015ல வந்த சிறார் நீதி சட்டமே சொல்லுது, இதை அவங்களுக்கு தைரியமா சொல்லுங்க. புள்ளைக்கு தடுப்பூசி போட பக்கத்துல நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கன்னு காட்டி விடுங்க, அங்கன்வாடில சத்துமாவு கொடுப்பாங்க. ஓட்டு கார்டுக்கு அட்ரஸ் இல்லையேன்னு அவங்க நினைப்பாங்க, வீடில்லாதவங்க எழுதி கொடுத்தா தேர்தல் அலுவலர் ராத்திரியில வந்து அவங்க அங்கதான் படுக்கறாங்களான்னு பாத்துட்டு பேரை சேர்க்கணும், அப்படி விதி இருக்கு. அந்த கார்டு கைக்கு வந்துட்டா அதை வச்சு மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா கேக்கலாம்.

நீங்க கடைக்காரர், உங்களால ஒரு பெரிய உதவி பண்ண முடியும். அவங்க பேப்பருங்களை ஒரு டப்பால போட்டு உங்க கடைல வச்சுக்கங்க. மழையிலயும் மாநகராட்சி வண்டியிலயும் போறது பாத்திரம் பண்டம் மட்டும் இல்ல, ஆதார், பொறப்பு சர்டிபிகேட், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் சேர்ந்துதான் போகுது, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஓடணும். ராத்திரி கடை மூடும்போது போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக் கொடுத்தீங்கன்னா இன்னும் நல்லது.

கேள்வி: கூவம் ஓரத்துல இருந்து எங்களை எடுத்து பெரும்பாக்கத்துல வீடு கொடுத்தாங்க. 6வது படிக்கிற பொண்ணை பக்கத்து ஸ்கூல்ல சேர்க்க போனா டிசி இல்லாம முடியாதுங்கறாங்க. பழைய ஸ்கூல் போய்ட்டு வரவே ஒரு நாள் கூலி போகுது. அரசாங்கமே வீடு கொடுத்துடுச்சே இன்னும் என்ன குறைன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க.
(வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: டிசி லேட்டாகுதுன்னு சொல்லி புள்ளையை சேர்க்காம இருக்கக்கூடாது, 2009 கல்வி உரிமை சட்டத்துல 5வது பிரிவு. அதை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, சண்டை போடாம ஹெட்மாஸ்டர் கைல கொடுங்க, சேர்த்துக்கிட்டு அவங்களே பழைய ஸ்கூலுக்கு எழுதி வாங்கிக்கலாம். 14 வயசு வரைக்கும் இது செல்லும்.

சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது? எட்டு அடுக்கு பில்டிங்ல ஒரு வீடு, சாவி, லைட்டு, பாத்ரூம் எல்லாம் இருக்கு, வேலை 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சிந்தாதிரிப்பேட்டைல நாலு வீட்டுல பத்து பாத்திரம் தேய்ச்சவங்க காலைல 6 மணிக்கு அங்க நிக்கணும்னா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்? 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப நெறைய இடத்துல குடிசை இருந்த அதே எடத்துலயோ பக்கத்துலயோ மாடி வீடு கட்டி கொடுத்தாங்க, ஏழையின் சிரிப்பில் இறைவனை காண்போம்னு வாரியத்தோட வாசகம் வேற. அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளிய தள்ளிக்கிட்டே போச்சு, 2021ல வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரும் மாத்தியாச்சு. இறைவன் இன்னும் சிட்டிக்குள்ளயே இருக்கார், ஏழைங்கதான் ஓஎம்ஆர் தாண்டி போயிட்டாங்க. ஆத்து ஓரத்துல இருந்தா வெள்ளம் வரும்தான், 2015ல பாத்தோம், அதை நான் இல்லன்னு சொல்லல, ஆனா வருஷ நடுவுல பரீட்சை நேரத்துல வீட்டை இடிக்கறதுக்கு வெள்ளம் காரணம் இல்ல.

உங்க பிளாக்குல குடியிருப்போர் சங்கம் இருக்கும், அங்க போய் ஸ்கூல் விஷயத்தை சொல்லுங்க, உங்க பொண்ணு மட்டும் இருக்க மாட்டா, நாலஞ்சு புள்ளைங்க இப்படி நிக்கும், எல்லாரையும் சேர்த்து ஒரே நாள்ல கூட்டிட்டு போங்க.

கேள்வி: நான் புருஷன் இல்லாதவ, மாடி போர்ஷன் வாடகைலதான் என் மருந்து செலவே ஓடுது. குடியிருக்கறவருக்கு வேலை போயி 4 மாசமா வாடகை தரல, ரெண்டு பசங்க. காலி பண்ண சொன்னா பாவமா இருக்கு, சொல்லலன்னா நான் பாவம். என் பையன் மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணு தானா ஓடிடுவாங்கன்னு சொல்றான்.
(வாசகி, தாம்பரம்)

பதில்: பையன் பேச்சை இதுல கேக்காதீங்கம்மா. தண்ணி, கரண்டை நிறுத்தறது சட்டப்படி தப்பு, அவங்க வாடகை கோர்ட்டுக்கு போனா உங்களைத்தான் முதல்ல கேப்பாங்க. அதைவிட, மாடில ரெண்டு பசங்க குடத்தோட இறங்கி வரதை பாத்துக்கிட்டு நீங்க கீழ ரசம் சாதம் சாப்பிட முடியுமா, உங்க லெட்டரை படிச்சா அப்படிப்பட்டவங்களா தெரியல.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீங்கன்னு எழுதவே இல்லையே! தாம்பரத்துலயும் பாதி பேர் 10 மாசம்தான் வாங்கறாங்க. அப்படி வாங்கியிருந்தா 4 மாசம் கழிச்சாலும் இன்னும் 6 மாசம் உங்க கைலதான் இருக்கு, நீங்க இன்னும் நஷ்டப்படல. அதை பாங்குல போட்டுட்டீங்க, பையனுக்கு கொடுத்துட்டீங்கன்னா அது வேற கதை. அவரையும் அவர் மனைவியையும் உக்கார வச்சு பேசுங்க, மனைவி கட்டாயம் இருக்கணும், ஆம்பளைங்க "அடுத்த வாரம் செட்டில் பண்ணிடறேன்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. பாக்கி இவ்வளவு, அட்வான்ஸ்ல கழிச்சது இவ்வளவு, ஏப்ரல்ல பசங்க பரீட்சை முடியற வரைக்கும் இருக்கலாம், அதுக்குள்ள வேலை கிடைச்சா தொடரலாம், இல்லன்னா மே மாசம் காலி பண்ணனும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. மிச்ச அட்வான்ஸை அவங்க சாமான் ஏத்தற அன்னிக்கே கைல கொடுத்துடுங்க, சட்டத்துல ஒரு மாசம் டைம் இருக்கு, ஆனா அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அவங்களுக்கு வேற காசு ஏது? லாரில சாமானை ஏத்திட்டு கைல காசு இல்லாம நிக்கிற குடும்பம்தான் அப்புறம் தெருவுக்கு வருது.

உங்களுக்கு மனசு இருந்தா ஒரு மாச வாடகையை விட்டு கொடுங்க, கோயிலுக்கு அன்னதானத்துக்கு வருஷாவருஷம் கொடுக்கறதை இந்த வருஷம் மாடிலயே கொடுத்ததா வச்சுக்கங்க. முடியலன்னா குத்த உணர்ச்சி வேணாம், உங்க மருந்தும் முக்கியம்.

கேள்வி: கடவுள் இருந்தா ஏன் இத்தனை பேர் தெருவுல படுக்கணும்? சும்மா பக்தி பக்திங்கறீங்களே.
(காலேஜ் மாணவர், கடலூர்)

பதில்: கடலூர்ல இருந்துக்கிட்டு இதை என்கிட்ட கேக்கறீங்களே தம்பி, வடலூருக்கு ஒரு பஸ் புடிங்க. 1867ல வள்ளலார் தருமசாலைல மூட்டின அடுப்பு இன்னும் அணையாம எரிஞ்சிட்டு இருக்கு, எந்த சாதி எந்த மதம்னு கேக்காம மூணு வேளையும் சோறு போடறாங்க. ஏன் பசிக்குதுன்னு அங்க யாரும் விவாதம் பண்ணல, உலை வச்சாங்க. உங்க கேள்விக்கு எனக்கு பதில் தெரியாது, ஆனா 2015 வெள்ளத்துல பள்ளிவாசல் தொறந்து எல்லாரையும் படுக்க வச்சவங்களும் சாமி கும்பிடறவங்கதான், வீட்டை சீல் வச்சப்ப எதிர் வீட்டு கதவை தொறந்தவங்களும் சாமி கும்பிடறவங்கதான். கும்பிடாம தொறக்கறவங்களும் இருக்காங்க, நீங்க அந்த கட்சியா இருந்துட்டு போங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல.

கேள்வி: எங்க காலனி பொண்ணுங்க சேர்ந்து காப்பகத்துக்கு பழைய துணி கொடுக்கலாம்னு இருக்கோம். வேற என்ன கொடுக்கலாம்?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: பட்டுப்புடவை, கிழிஞ்ச ஜீன்ஸ் எல்லாம் மூட்டை கட்டாதீங்க, அங்க பீரோ இல்ல. முதல்ல போன் பண்ணி என்ன வேணும்னு கேளுங்க. பெரும்பாலும் யாரும் கொடுக்காதது உள்பாவாடை, புது ஜட்டி, நாப்கின், கொசுவலை, பூட்டு போட்ட சின்ன டிரங்கு பெட்டி, புள்ளைங்க ஸ்கூல் ஷூ. ஷூ அளவை கேட்டுட்டு வாங்குங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடறதா இருந்தா உங்க மூஞ்சியை மட்டும் எடுத்து போட்டுக்கங்க.